மாவு மில்லில் வந்த அயிரை

அந்த மீனை அக்கா ஓர் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காபி என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத ஓர் அயிரை, டம்ளரின் அடியில் வயிறு ஒட்டக் கிடந்து செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

“இன்னாடி அப்டி முழிக்கிற? நீ படிச்ச படிப்பே இதானே. நல்லாப் பாரு.” அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“எந்த ஏரியில புடிச்ச?”

“ஏரிக்கு எவ போனா? நம்ம வூட்லதான் இருந்துச்சு. மூட்ட ரூம்ல.”

எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் வல்லத்துக்காரர்கள். அக்காவைச் செஞ்சியில் மாவு மில் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால், பஸ் ஸ்டாண்டு இரைச்சல் லேசாகக் கேட்கும் தூரத்தில் வீடு. வாசல் பக்கம் மில். அரிசிக்கு ஒன்று, கேழ்வரகுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று என்று மிஷின்கள். அதற்குப் பின்னால் மூட்டை அடுக்கும் அறை. அதற்கும் பின்னால் சமையலும் படுக்கையும். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டதால் இரண்டே பேர்தான். மிஷின் ஓடும்போது அடுப்படியில் சொம்புத் தண்ணீர்கூட நடுங்கும். புதிதாகப் போகிறவர்களுக்குப் பேச்சே கேட்காது. அக்காவும் மாமாவும் அதற்குள்ளேயே சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

நான் விலங்கியல் படித்தவள். ஓடைத் தண்ணீரில் வாழும் பூச்சி புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் நகரத் திட்டம் போடுகிறவர்களோடு போய்ச் சேர்ந்தேன். சாக்கடையாகிப்போன ஓடைகளை மறுபடி ஓடையாக்குவது எங்கள் வேலை. பொறியாளர்கள் அகலம், ஆழம், சரிவு பார்ப்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, கல்லைப் புரட்டி, அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அந்தத் தண்ணீர் செத்துக்கொண்டிருக்கிறது. தட்டானின் குஞ்சு இருந்தால் பிழைத்துக்கொள்ளும். “பூச்சி பாக்கறதுக்குத் தனியா ஒரு ஆளா மேடம்?” என்று கேட்காத அதிகாரியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அக்கா புருஷன் எனக்கு வைத்த பெயரே பூச்சி டாக்டர்.

ஊர் ஊராகச் சுற்றியபின் சொந்த ஊர்ப் பக்கமே வேலை வந்தது. கோட்டை மலைகளில் விழும் மழை மேற்கே ஏரியில் கூடும். மிஞ்சியது, உபரித் தண்ணீர் வெளியேறக் கரையில் கட்டிய கலங்கல் வழியாக வழிந்து, ஓடையாக ஊருக்குள் புகுந்து, கிழக்கே வயல் பக்கம் போகும். ஊருக்குள் அந்த ஓடையைப் பலகைக்கல் போட்டு மூடியிருந்தார்கள். கல் மேல் மண், மண் மேல் கடை, கடைக்குப் பின்னால் வீடு. ஓடை எங்கே நுழைகிறது என்று காட்ட ஆள் இருந்தது. எங்கே வெளியே வருகிறது என்று காட்டவும் ஆள் இருந்தது. நடுவில் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டைக் கைகாட்டினார்கள். அதைக் கண்டுபிடித்து வரைபடத்தில் போடுவதற்காக நான் செஞ்சியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

அந்த வருடம் சித்திரையில்தான் அக்கா வீட்டு மூட்டை அறையின் மூலையில் தரை வெடித்துத் தண்ணீர் கசிந்தது. தெருக்குழாயில் வெறும் காற்று வந்துகொண்டிருந்த நேரம். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு அடிதடி. அப்படிப்பட்ட வெயிலில் வீட்டுக்குள்ளேயே ஊற்று என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? மாமா தரையை உடைத்துச் சின்னத் தொட்டி கட்டினார். அக்கா அதன் ஓரத்தில் ஏழு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் இருக்கும் இடம் கன்னிமார் இருக்கும் இடம். அவர்கள் ஏழு பேர் என்பதால் ஏழு கல். தெருவே குடத்தோடு வந்து கும்பிட்டுவிட்டு மொண்டுகொண்டு போனது.

எதிர்வீட்டு அம்மா மேல்சித்தாமூரிலிருந்து வந்தவர், சமணர். வெள்ளைத் துணியில் வடிகட்டாத தண்ணீரைத் தொடமாட்டார். துணியில் தங்கும் சின்ன உயிர்களை, எடுத்த தண்ணீரிலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர்கள் வழக்கம். நானும் என் வேலையில் ஏறக்குறைய அதையேதான் செய்கிறேன் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். அன்று அவர் துணியில் தங்கியதுதான் இந்த அயிரை. தொட்டியில் விட வந்தவரிடம் அக்கா வாங்கி, எனக்குக் காட்டுவதற்காக டம்ளரில் வைத்திருந்தாள்.

“கன்னிமாரு மீனா வந்துருக்காங்க” என்றாள் அக்கா.

“அக்கா, மண்ணு வழியாக் கசியற தண்ணியில மீன் வராது. மண்ணு வடிகட்டிடும். மீன் வந்துருக்குன்னா, ஏரியிலேர்ந்து உன் வூட்டு வரைக்கும் அது நீந்தி வர்ற அளவுக்கு வழி இருக்குது.”

“இருந்தா நல்லதுதானே? தண்ணி நிக்காம வரும்.”

“ஐயோ, புரியலயா உனக்கு? ஓடையே உன் வூட்டுக்கு அடியிலதான் போவுது. மேல கட்டியிருந்த கல்லு எங்கேயோ ஒடஞ்சி, மண்ண அரிச்சிக்கினு வருது. உன் தரைக்கு அடியில மண்ணே இல்ல.”

மிஷினை நிறுத்திவிட்டு மாமா எட்டிப் பார்த்தார். தலை, மீசை எல்லாம் மாவு. “இன்னாம்மா பூச்சி டாக்டரு, பொடி மீனு ஒண்ண வெச்சிக்கினு என் வூட்டயே சாச்சிடுவியாட்டம் இருக்குது?”

கடப்பாரையை எடுத்துத் தரையைத் தட்டிக் காட்டினேன். வாசலில் டக் டக்கென்று கெட்டியாகக் கேட்டது. மூட்டை அறையின் நடுவில் காலிப் பானையைத் தட்டியது மாதிரி கேட்டது. இரண்டு பேரையும் தரையில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். மாமா வைக்கவில்லை. அக்கா வைத்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

“பேசறாங்க” என்றாள்.

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. சித்திரையில் ஏரி குட்டையாகக் கிடக்கும்போதே இத்தனை சத்தம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் என்ன ஆகும்? அந்தத் தரை மேல்தான் மூட்டை அடுக்கு, அந்தத் தரையை ஒட்டித்தான் நாள் முழுக்க அதிரும் மிஷின், அதற்கு அந்தப் பக்கம்தான் அவள் படுக்கை.

இதற்கு நடுவே அலுவலகத்தில் என் வரைபடம் முடிந்தது. ஓடை போகும் நீலக் கோடு அக்கா வீட்டு மூட்டை அறை வழியாகத்தான் போனது. வேறு எப்படிப் போடுவது? கூட்டத்தில் அதைச் சுவரில் மாட்டிய அன்றே சேதி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் நான் போனபோது மாமா மிஷினை நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். “கூடப் பொறந்தவ வூட்டு மேலயே கோடு போட்டுட்டு, மீனு, மண்ணுன்னு கத வுடறியா? வூட்ட காலி பண்ண வைக்கத்தானே இத்தினியும்?”

அக்கா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் காலை வைத்ததும் அவள் வாயில் வரும் முதல் வார்த்தை “சாப்டியா” என்பதுதான். அன்று கேட்கவில்லை. அறைக்குத் திரும்பி வந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன்.

ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி வந்தது. எதிர்வீட்டு அம்மாதான் எனக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். மிக்சிக்குப் பின்னாலிருந்து வயல் நண்டு ஒன்று வந்ததாம். மூட்டை அறைக் கதவு சரியாக மூடவில்லையாம். ஒருநாள், “தண்ணி கலங்கலா வருதும்மா, துணியில சேறு தங்குது. நான் எடுக்கறத நிறுத்திட்டேன்” என்றார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் கலங்கி வருகிறது என்றால் மண் கரைகிறது. அது அக்கா வீட்டுத் தரைக்கு அடியிலிருக்கும் மண்.

நேராகப் போய் அக்கா முன்னால் நின்றேன். “என்ன திட்டு, அடி, வரைபடத்துல போட்ட கோட்ட வேணும்னாலும் அழிச்சிடறேன். இந்த மழைக்கு மட்டும் இங்க இருக்காத. உன் கால்ல வேணா வுழறேன்” என்றேன். உண்மையில் விழுந்தே விட்டேன்.

அக்கா என்னைத் தூக்கி நிறுத்தினாள். மாமாவைப் பார்த்தாள். “பூ கட்டிப் பாத்துடலாம். கன்னிமாரு இன்னா சொல்றாங்களோ அதுதான்” என்றாள். மாமாவும் சரி என்றார். கல்யாணம், வீடு, வழக்கு எதுவானாலும் அந்த வீட்டில் கடைசித் தீர்ப்பு அதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வீட்டிலேயே இருப்பது, சிவப்பு வந்தால் கிளம்புவது என்று முடிவாயிற்று. வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, ஏழு கல் முன்னால் போட்டாள். இரண்டும் அச்சாக ஒன்று போலவே இருந்தன.

“நீயே எடு” என்றாள் என்னிடம்.

என் அக்கா உயிரை இரண்டு இலைப் பொட்டலத்தில் வைத்து என்னை எடுக்கச் சொல்கிறார்கள். குனிந்தேன். குனிந்ததும் மல்லி வாசம் அடித்தது. சிவப்புக்குச் செவ்வரளி, வெள்ளைக்கு மல்லி வைத்துக் கட்டியிருந்தாள். வலது பக்கப் பொட்டலத்திலிருந்து வாசம் வந்தது. நான் இடது பக்கத்தை எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி. இதில் எனக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை. மூக்கு எதற்கு இருக்கிறது?

மாமா எழுந்து போய் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார். எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு முன்பக்கத்தைக் காலி செய்து கொடுத்தார். மூட்டைகளும் சின்ன மிஷின்களும் தெருவைக் கடந்து போயின. அரிசி மிஷினை மட்டும் பெயர்க்க முடியாமல் அங்கேயே விட்டார்கள்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஏரி வழிந்த மறுநாள் மத்தியானம், நாங்கள் எல்லோரும் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டை அறைக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. தரை உள்ளே போயிற்று, பின்னாலேயே சுவர் போயிற்று, அரிசி மிஷின் மெதுவாகத் தலைகீழாக இறங்கிக் காணாமல் போயிற்று. படுக்கை அறையில் பாதி அந்தரத்தில் நின்றது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது. உயிரோடு இருக்கிறாளே என்று அந்த வலியே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இனிமேல் என் பேச்சைக் கேட்பார்கள் என்று நம்பினேன். என்னைப் போல ஏமாளி உண்டா?

தண்ணீர் வடிந்ததும் ஊர் கூடியது. அத்தனை சுவர் விழுந்தும் தொட்டி ஓரத்து ஏழு கல்லும் சாயாமல் விளிம்பிலேயே நின்றன. சொல்லவா வேண்டும்? முன்கூட்டியே பூ கொடுத்து, குடும்பத்தைக் கிளப்பிவிட்டு, தங்களுக்கு வேண்டிய இடத்தைக் கன்னிமார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிட்டது. வீடு இடிந்த கல்லையும் ஜல்லியையும் பள்ளத்தில் கொட்டினார்கள். மேலே கம்பி கட்டித் தளம் போட்டார்கள். தளத்தின் நடுவில் ஏழு கல்லையும் வைத்து, தகரக் கூரை போட்டு, இரும்புக் கேட் வைத்தார்கள். அக்கா பூசாரியம்மா ஆனாள். மாவு மில் அக்கா என்று கூப்பிட்ட வாய்களே “அம்மா” என்று கூப்பிட்டன. திருநீறு வாங்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். மாமா எதிர்வீட்டில் மிஷின் ஓட்டிக்கொண்டே மைக் செட்டுக்கும் பொறுப்பாளர் ஆனார்.

நான் அலுவலகத்தில் கத்தினேன். “ஓடைத் தொண்டையில கல்லக் கொட்டி அடச்சிருக்காங்க, அது மேல ஜனங்க நிக்கறாங்க” என்றேன். பெரிய பொறியாளர் பேனாவை மூடி வைத்தார். “மேடம், கோயில் விஷயம். தொட்டா ஊரே தீப்பிடிக்கும். உங்க லைனக் கொஞ்சம் வளச்சுப் போடுங்க” என்றார். நான் போடவில்லை. வேறு யாரோ வளைத்துப் போட்டார்கள்.

ஊருக்குள் கைவைக்க முடியாது என்றதும், ஊருக்கு மேற்கே வேலை ஆரம்பமானது. நான் எழுதிக் கொடுத்தபடியே எல்லாம் நடந்தது. ஏரியைத் தூர்வாரினார்கள். கலங்கலிலிருந்து ஊர் எல்லை வரை ஓடையை அகலப்படுத்தி, குப்பையை எடுத்து, கரையில் நாணலும் நீர்மருதும் வைத்தார்கள். என் வேலையில் இத்தனை அழகாக வந்த ஓடை வேறு இல்லை. கல்லைப் புரட்டினால் தட்டான் குஞ்சு. படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள், கைதட்டினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். முன்பு சேற்றிலும் குப்பையிலும் தேங்கித் தேங்கி வந்த தண்ணீர், இனி தடையில்லாமல் ஓடிவந்து, நேராக அந்தத் தளத்தின் அடியில் முட்டும். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி கார்த்திகை. கன்னிமார் இடம் கேட்ட நாள் என்று வருஷப் பொங்கல் வைக்கப்போகிறார்கள். தளம் முழுக்க அடுப்பு இருக்கும், அடுப்புக்கு அடுப்பு பொம்பளைகள் நிற்பார்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஏரி கழுத்து வரை நிரம்பிவிட்டது. இன்று காலை அக்காவிடம் போனேன். தனியாகத் தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“பொங்கல மலையடிவாரத்துல வெச்சுக்கலாம்க்கா. இங்க வேணாம். நீயும் இந்த மழை முடியறவரைக்கும் இதுக்குள்ள வராத.”

“அதுக்கு இன்னா, கேட்டுட்டாப் போச்சு” என்றாள். முன்கூட்டியே கட்டி வைத்திருந்தாள் போல. உள்ளே போய் இரண்டு இலைப் பொட்டலத்தோடு வந்து கல் முன்னால் போட்டாள். “வெள்ளன்னா இங்க. செவப்புன்னா நீ சொல்ற எடம். எடு.”

குனிந்தேன். மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கிட்டே போய், மூக்கு இலையில் படும்படி குனிந்தேன். வெறும் வாழையிலை வாசம்தான்.

“செம்பருத்தி” என்றாள் அக்கா மேலிருந்து. “வெள்ளையும் செம்பருத்தி, செவப்பும் செம்பருத்தி. வாசம் வராது.”

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

“போன தடவ மோந்து பாத்துதான் எடுத்த. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ செவப்ப எடுக்கணும்னுதான் வெள்ளைக்கு மல்லி வெச்சேன். எனக்கும் பயமா இருந்துச்சு. உங்க மாமா வேற யாரு சொன்னாலும் கேக்கமாட்டாரு.” துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். “இப்ப எனக்குப் பயம் இல்லடி. இவ்ளோ நாளு மாவுலயே கெடந்தேன். யாரு என்ன ஏறெடுத்துப் பாத்தாங்க? இப்ப பாரு. இத வுட்டுட்டு எங்க போவச் சொல்ற? எடு. உண்மையா எடு.”

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். நார் அவிழ மாட்டேன் என்றது. அக்காவே வாங்கிப் பிரித்தாள். வெள்ளை.

“இது செல்லாதுக்கா” என்றேன்.

“மோந்து பாத்து எடுத்தது செல்லும், மோக்காம எடுத்தது செல்லாதா?”

வரைபடம், கடப்பாரை, மீன் எல்லாம் அவளுக்கு முன்பே காட்டியாயிற்று. அவள் பூவைக் கல் மேல் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, “சாப்டியா? வா, தளத்தக் கழுவி வுடலாம். நாளைக்குக் கோலம் போடணும்” என்றாள். மேற்கே மலை உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே மழை இறங்கியிருந்தது.

குடத்தை எடுத்து, கேட் பக்கம் ஓடட்டும் என்று உள்பக்கத்திலிருந்து தண்ணீரை ஊற்றினேன். போட்ட அன்று கேட் பக்கம் சரிவாகத்தான் தளம் போட்டிருந்தார்கள், நானே நின்று பார்த்தேன். தண்ணீர் கேட் பக்கம் போகவில்லை. கொஞ்சம் தயங்கி, திரும்பி, தளத்தின் நடுவில் ஏழு கல்லையும் சுற்றிக் கூடியது. கூடி, சத்தமே இல்லாமல் கீழே இறங்கிப் போயிற்று. அடுத்த குடத்தை ஊற்றினேன். அதுவும் அங்கேயே போய் இறங்கியது.

நான் அக்கா கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவள் கையை உருவிக்கொண்டு, அந்த இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“பாத்தியா,” என்றாள் கண் கலங்க, “குடிக்கிறாங்க.”